பல்கலைக்கழக ஆங்கிலம் யாருடைய பொறுப்பு? பிச்சாவரத்திலிருந்து அண்ணாமலை நகர் வரை

சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பழம்பெயரைத் தந்தது ஒரு மரம். அந்தத் தில்லை மரத்தைக் காண இன்று கிழக்கே பிச்சாவரத்து அலையாத்திக் காட்டுக்குச் செல்ல வேண்டும். அதன் பால் கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்பதும், எந்தக் கால்வாயில் எந்தப் பருவத்தில் இறால் ஒதுங்கும் என்பதும், சேற்றில் நண்டு எங்கே பதுங்கும் என்பதும் கிள்ளை, பிச்சாவரம் பகுதி இருளர் மக்களுக்குத் தலைமுறை அறிவு. வலையின்றி, கைகளால் நீரைத் தடவி மீன் பிடிக்கும் மக்கள் அவர்கள்.

இதே காட்டைப் பற்றி இன்னொரு மொழியிலும் பெரும் அறிவுத்தொகுதி உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் பல பத்தாண்டுகளாக இயங்கிவருகிறது. பிச்சாவரத்தின் மரங்கள், நண்டுகள், நுண்ணுயிரிகள் குறித்த ஆய்வுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. 2022-இல் பிச்சாவரம் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குரிய ஆவணங்களும் ஆங்கிலத்தில்தான் உள்ளன. அவற்றில் இருளர் மக்கள் பெரும்பாலும் தகவல் தருவோராகவோ, காட்டைச் சார்ந்து வாழ்வோராகவோ இடம்பெறுகிறார்கள். எழுதுவோராக இடம்பெறுவது எப்போது?

இக்கேள்விக்கான விடை பிச்சாவரத்தில் இல்லை. ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள அண்ணாமலை நகரின் வகுப்பறைகளில் இருக்கிறது. இருளர் குடியிருப்பிலிருந்தும் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, குறிஞ்சிப்பாடி வட்டங்களின் சேரிகளிலிருந்தும் தமிழ்வழியில் படித்துப் பல்கலைக்கழகம் வரும் மாணவருக்கு, அங்கே தேர்வுக்கும் ஆய்வுக்கும் வேண்டிய ஆங்கிலத்தை முறையாகக் கற்றுத்தருவது யாருடைய கடமை? ஒரு மொழியில் தேர்வு நடத்தும் நிறுவனமே அம்மொழியைக் கற்பிக்கக் கடமைப்பட்டது. அதைச் செய்யாமல் மாணவரின் தகுதியை மதிப்பிடுவது சமத்துவ மீறல். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

கல்விசார் ஆங்கிலம் வேறு, பேச்சு ஆங்கிலம் வேறு

'முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம்' என்னும் விளம்பரங்கள் சிதம்பரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிலும் உண்டு. அங்கே கற்பிக்கப்படுவது அறிமுகம் செய்துகொள்வது, கடையில் பேசுவது, நேர்காணலில் புன்னகைப்பது. இவை பயனற்றவை என்று சொல்ல முடியாது. ஆனால் பல்கலைக்கழகம் கேட்பது வேறு: ஒரு மணி நேர விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுத்தல், நாற்பது பக்கக் கட்டுரையை வாசித்து அதன் மையவாதத்தைப் பிரித்தெடுத்தல், இரு கருத்துகளை ஒப்பிட்டு எழுதுதல், பிறர் கருத்தை உரிய முறையில் மேற்கோளிடுதல், வாய்மொழித் தேர்வில் தன் முடிவுக்கு ஆதாரம் காட்டிப் பேசுதல்.

கனடாவின் மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வரையறுத்தார். குடியேறியோரின் பிள்ளைகள் அன்றாட உரையாடல் மொழியை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பெற்றுவிடுகிறார்கள். பாடநூல் மொழியில் சக மாணவரை எட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கின்றன என்பது அவருடைய கண்டறிதல். ஆங்கிலம் நாள்முழுதும் காதில் விழும் நாட்டிலேயே இந்த நிலை என்றால், நாளுக்கு ஒரு பாடவேளை மட்டும் ஆங்கிலம் கேட்ட மாணவரிடம் முதல் பருவத்திலேயே கல்விசார் ஆங்கிலத்தை எதிர்பார்ப்பது எவ்வளவு நியாயமற்றது என்பது விளங்கும்.

இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டையும் கருத வேண்டும். தமிழில் வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். தமிழில் பெயரெச்சத் தொடர் பெயருக்கு முன் நிற்கும்; ஆங்கிலத்தில் பின் நிற்கும். ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு முன் வரும் சுட்டுச்சொற்களுக்கு நேரான வழக்கு தமிழில் இல்லை. அதற்கு மேல், கல்விசார் ஆங்கிலம் வினைகளைப் பெயர்களாக்கிப் பேசும். 'தண்ணீர் கெட்டுப்போனது, அதனால் மீன் குறைந்துவிட்டது' என்று பிச்சாவரத்தில் சொல்வார்கள். ஆய்வுக் கட்டுரையின் மொழி அதையே 'நீர் மாசுபாடு மீன்வள வீழ்ச்சிக்குக் காரணமாகிறது' என்று சுருக்கும். இரண்டும் சொல்லும் செய்தி ஒன்றே. இரண்டாவது வடிவத்தைக் கற்றுத்தந்தால் கற்க முடியும். கற்றுத்தராதபோது அது பிறவித் திறமைபோலத் தோற்றமளிக்கிறது. அந்தத் தோற்றத்தின் மீதுதான் 'தகுதி' என்னும் சொல் கட்டப்பட்டிருக்கிறது.

சிதம்பரத்தின் இரு கல்வி வரலாறுகள்

1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கோயிலுக்குள் நுழைய நந்தன் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்று சொல்லும் ஊரில், அதே பெயரில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி எழுந்தது. அதே 1916-இன் இறுதியில் சென்னையில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியானது. மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்று விழுக்காடாக இருந்த ஒரு சாதியினர் சென்னை மாகாணத்தின் பட்டதாரிகளில் பெரும்பான்மையினராக இருந்த காலம் அது. ஆங்கிலக் கல்வி எங்கே குவிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1920-இல் ஶ்ரீமீனாட்சி கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 1935 முதல் 1940 வரை அதன் துணைவேந்தராக இருந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார். ஆங்கிலேயரே வியக்கும் ஆங்கிலத்துக்காக 'வெள்ளி நாக்கு' என்று புகழப்பட்டவர். வலங்கைமானில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அவருடைய தாய்மொழியும் ஆங்கிலமன்று. கும்பகோணத்துப் பள்ளியும் கல்லூரியும் அவருக்கு அதைக் கற்பித்தன. பின்னர் அவரே திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து பிறருக்குக் கற்பித்தார். வறுமை அவருக்கும் இருந்தது. பள்ளியின் கதவு மூடியிருக்கவில்லை. ஆங்கிலம் பிறப்பால் வருவதில்லை, கற்பிப்பால் வருகிறது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. அந்தக் கற்பிப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதே வரலாறு.

தலித் அரசியலின் முன்னோடிகள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் தமிழில் இதழ் நடத்தினார்கள்; அரசிடம் பேச ஆங்கிலத்தில் மனு எழுதினார்கள். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்தார். கடலூர் மாவட்டத்துக்கே உரிய எடுத்துக்காட்டும் உண்டு. காட்டுமன்னார்கோயில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைக்கப்பட்ட குழு, இந்தியா முழுவதும் தீண்டாமையின் வடிவங்களை ஆராய்ந்து 1969-இல் அறிக்கை அளித்தது. ஊர் ஊராகத் திரட்டிய சான்றுகளை அரசு தட்டிக்கழிக்க முடியாத ஆவண வடிவில் முன்வைத்தது அக்குழு. கல்விசார் மொழியின் உண்மையான பயன் இதுதான்: பட்ட வலியைச் சான்றாக மாற்றுவது.

முதல் பருவத்தில் நடப்பது என்ன

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் 29 விழுக்காட்டினருக்கும் மேல் பட்டியல் சாதியினர். பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் முழுக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பின்னர் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளும் அதன் இணைப்புக்குள் வந்தன. ஆகவே வடமாவட்டங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளில் பெரும்பகுதியினரின் மொழிக்கல்வி இப்பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தைச் சார்ந்திருக்கிறது.

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் முதல் வகுப்பிலிருந்தே ஒரு பாடம். பன்னிரண்டு ஆண்டுகள் படித்தும் ஏன் வரவில்லை என்று கேட்போர் உண்டு. வினாத்தாளில் வரக்கூடிய பத்திகளை மனப்பாடம் செய்வதே அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பெரும்பகுதி. சொந்தமாக ஒரு பத்தி எழுதி, ஆசிரியர் திருத்தித் திரும்பத்தந்து, மீண்டும் எழுதிய அனுபவம் பலருக்கும் இல்லை. கல்லூரியில் பகுதி இரண்டு ஆங்கிலத் தாளும் பெரும்பாலும் சில கவிதைகள், சில உரைநடைகள், அவற்றுக்கான உரைநூல் என்றே முடிந்துவிடுகிறது. வேதியியல் மாணவருக்குத் தேவையான ஆய்வக அறிக்கையின் மொழியோ, வரலாற்று மாணவருக்குத் தேவையான வாதத்தின் மொழியோ அங்கே கிடைப்பதில்லை.

முதன்மைப் பாட வகுப்பிலோ இன்னொரு சிக்கல். ஆசிரியர் தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் குறிப்பு எழுதச் சொல்கிறார். மாணவர் கருத்தைத் தமிழில் புரிந்துகொள்கிறார். விடையை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்கிறார். புரிதலும் எழுத்தும் இரு வேறு தடங்களில் ஓடுகின்றன. வினா சற்றே மாறினால் விடை நின்றுவிடுகிறது, அரியர் சேர்கிறது. செமினார் நாளன்று வகுப்புக்கு வராமல் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். அந்த வருகைப் பதிவேடு பல ஆய்வறிக்கைகளைவிட அதிகம் சொல்லும்.

இதனோடு சாதி சேரும்போது பிழை இழிவாக மாற்றப்படுகிறது. ஆதிக்க சாதி மாணவரின் இலக்கணப் பிழை 'கவனக்குறைவு' ஆகிறது. தலித் மாணவரின் அதே பிழை 'கோட்டாவில் வந்தவர்' என்பதற்குச் சான்றாகிறது. டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் நிலவிய பாகுபாடு குறித்து ஆராயப் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2007-இல் அளித்த அறிக்கை இதனைப் பதிவுசெய்தது. கருத்துக் கேட்கப்பட்ட பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் 69 விழுக்காட்டினர் ஆசிரியர்களிடமிருந்து போதிய ஆதரவு கிடைப்பதில்லை என்றார்கள். ஆங்கிலத்துக்கும் அடிப்படைப் பாடங்களுக்கும் உரிய துணைப்பயிற்சி இல்லாததையும் அக்குழு சுட்டிக்காட்டியது. நாட்டின் முதன்மை மருத்துவ நிறுவனத்தின் நிலை அது.

ஆய்வுப் படிப்பில் இதன் விலை இன்னும் கூடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிமுறைகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்துடனான ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆறு மாதங்களுக்குள் திருத்தித் தர வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தரத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பிறர் உழைப்பைத் திருடுவோரைத் தண்டிக்க வேண்டியதுதான். ஆனால் வாசித்ததைச் சொந்தச் சொற்களில் எழுத ஒருநாளும் கற்றுத்தரப்படாத மாணவர், மூலத்தின் வரியை அஞ்சி அப்படியே எடுத்தாள்வதும் அதே கணக்கில் வருகிறது. மென்பொருள் இவ்விரண்டையும் பிரித்தறியாது. பிரித்தறிய வேண்டியது நெறியாளரும் நிறுவனமும்.

சட்டம் என்ன சொல்கிறது

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் கூறு, நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதிகள், பழங்குடிகளின் கல்வி நலனைச் சிறப்புக் கவனத்துடன் மேம்படுத்துமாறு அரசைப் பணிக்கிறது. 15(4), 15(5) கூறுகள் சிறப்பு ஏற்பாடுகளுக்கு அதிகாரம் அளிக்கின்றன. இந்த ஏற்பாடுகளை நாம் சேர்க்கையோடு நிறுத்திவிடுகிறோம். இடம் தந்த பின் அந்த இடத்தில் நிலைத்துப் படிக்கத் தேவையானவற்றைத் தராவிட்டால், இடஒதுக்கீடு பாதிதான் நிறைவேறியதாகும்.

மானியக் குழுவின் உயர்கல்வி நிறுவனங்களில் சமத்துவம் மேம்படுத்தல் விதிமுறைகள் 2012-இல் வந்தன. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்பு மையம் அமைத்து, பாகுபாடு தடுப்பு அலுவலரை நியமிக்க வேண்டும் என்கின்றன அவை. வகுப்பில் பின்தங்குவதற்குச் சாதியைக் காரணமாகக் காட்டி இழிவாகப் பேசுவதும், 'ஒதுக்கீட்டு மாணவர்' என்று முத்திரை குத்துவதும், ஆசிரியரைச் சந்திக்கப் பிறருக்குத் தரும் நேரத்தைத் தர மறுப்பதும் அவ்விதிகளின்படி பாகுபாடுகள். மற்றவர் முன்னிலையில் சாதியை வைத்து வேண்டுமென்றே அவமதித்தால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்) பிரிவும் பொருந்தக்கூடும். 'இங்கிலீஷ் வராதவனெல்லாம் எதுக்கு இங்க வர்றீங்க' என்னும் பேச்சு வெறும் கண்டிப்பா, சாதிய இழிவா என்பதை அது சொல்லப்பட்ட சூழலும் சொல்லப்பட்ட ஆளும் முடிவு செய்யும்.

மொழித்திறன் பயிற்சிக்கும் ஏற்கெனவே இடம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை மாணவர்களுக்காக மானியக் குழு நடத்திய துணைப்பயிற்சித் திட்டம், கல்வித்திறனையும் மொழித்திறனையும் உயர்த்துவதைத் தன் நோக்கமாகவே எழுதியிருந்தது. மேற்சொன்ன 2018 விதிமுறைகளும் பருவந்தோறும் ஆய்வு நெறி குறித்த விழிப்புணர்வு நிகழ்ச்சிகளை நடத்துமாறு நிறுவனங்களைப் பணிக்கின்றன. முனைவர் பட்டப் பதிவாளர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு நெறிகள் குறித்த தாள் ஒன்றும் உண்டு. தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலப் பயிற்சியும் அளிக்கிறது. ஆனால் அதன் இலக்கு வேலைவாய்ப்பு. நேர்காணலுக்குத் தயாராவதும் ஆய்வேட்டுக்குத் தயாராவதும் ஒன்றல்ல என்பதை முன்பே கண்டோம்.

பழங்குடி மாணவருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தடை நிற்கிறது. பழங்குடிச் சான்றிதழை வழங்கும் அதிகாரம் வருவாய்க் கோட்டாட்சியரிடம் உள்ளது. பிச்சாவரம் பகுதி இருளர்கள் இந்தச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகள் போராடியிருக்கிறார்கள். சான்றிதழ் இல்லையேல் ஒதுக்கீடு இல்லை, உதவித்தொகை இல்லை, துணைப்பயிற்சிப் பட்டியலில் பெயரும் இல்லை. ஆங்கிலம் இரண்டாவது வாசல். முதல் வாசலே பலருக்கு இன்னும் திறக்கவில்லை.

எப்படிக் கற்பிப்பது

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சொல்வோருக்கு இரண்டு அனுபவங்களை நினைவூட்டலாம். முதலாவது தென்னிந்தியாவிலேயே நிகழ்ந்தது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு நடத்திய 'பெங்களூரு திட்டம்' பெங்களூரு, சென்னை முதலிய இடங்களின் சாதாரணப் பள்ளிகளில் இலக்கண விதிகளை முன்னிறுத்தாமல் செயல்பாடுகளின் வழியே ஆங்கிலம் கற்பித்தது. ரயில் கால அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்றவை பாடங்களாயின. மாணவரின் கவனம் பொருளில் இருக்கும்போது மொழி வந்து சேரும் என்பது அதன் அடிப்படை. செயல்வழி மொழிக்கற்பித்தல் என்று இன்று உலகம் முழுவதும் பேசப்படும் முறைக்கு அது ஒரு முன்னோடி.

இரண்டாவது நியூயார்க் நகரில் நிகழ்ந்தது. 1969-இல் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் நடத்திய போராட்டத்தின் விளைவாக 1970-இல் அந்நகரப் பல்கலைக்கழகம் உயர்நிலைப் பள்ளி முடித்த அனைவருக்கும் திறக்கப்பட்டது. தரம் தாழ்ந்துவிடும் என்ற கூக்குரல் அங்கும் எழுந்தது. அங்கே எழுத்துப் பயிற்சியைப் பொறுப்பேற்ற மினா ஷானெசி, புதிய மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ நான்காயிரம் கட்டுரைகளைப் படித்துப் பிழைகளை வகைப்படுத்தினார். அவை அறிவுக்குறைவின் அடையாளங்களல்ல. தெரிந்த மொழியின் ஒழுங்கைக் கொண்டு தெரியாத மொழியை எழுத முயன்றதன் விளைவுகள், ஒவ்வொரு பிழைக்குள்ளும் ஒரு தர்க்கம் உண்டு என்று 1977-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். பிழையைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன் அதன் காரணத்தைக் கேட்க வேண்டும் என்பது நம் ஆசிரியர்களும் கொள்ள வேண்டிய பாடம்.

இவற்றிலிருந்து சிதம்பரம் போன்ற இடத்துக்குப் பொருந்தும் சில நெறிகளைத் தொகுக்கலாம்.

ஒன்று, ஆங்கில வகுப்பு மாணவரின் துறையோடு இணைய வேண்டும். விலங்கியல் மாணவர் ஒரு நண்டினத்தின் விவரிப்பை வாசித்து எழுதட்டும். பொருளியல் மாணவர் ஓர் அட்டவணையை விளக்கி எழுதட்டும்.

இரண்டு, தமிழைத் தடையாகக் கருதாமல் ஏணியாகப் பயன்படுத்த வேண்டும். முதலில் தமிழில் விவாதித்து, வாதத்தைத் தமிழில் வரிசைப்படுத்தி, பின் ஆங்கிலத்தில் எழுதும் முறையை இன்றைய மொழிக்கல்வி ஆய்வுகள் ஆதரிக்கின்றன. ஒவ்வொரு துறையும் தன் கலைச்சொற்களை இருமொழியிலும் தந்தாக வேண்டும்.

மூன்று, எழுத்தைத் திருத்தித் திரும்பத் தர வேண்டும். ஒரு பருவத்தில் பத்துப் பத்திகளை இருமுறை எழுதுவது ஐந்நூறு பக்க உரைநூலைவிடப் பயன் தரும். இதற்கு வகுப்பில் அறுபது, எழுபது பேர் இருக்கக் கூடாது. ஆசிரியர் பணியிடங்களை நிரப்புவது இதன் முன்நிபந்தனை. கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டே காலம் தள்ளும் வரை இந்த நெறி ஏட்டில்தான் இருக்கும்.

நான்கு, கருத்துக்கு ஒரு மதிப்பெண், மொழிக்கு ஒரு மதிப்பெண் என்று மதிப்பீட்டைப் பிரிக்க வேண்டும். பாடம் தெரிந்த மாணவர் மொழிப்பிழையால் தோற்கக் கூடாது. அதே வேளை மொழிப்பிழை எங்கே என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

ஐந்து, பேச்சுப் பயிற்சி உச்சரிப்பைப் போலி செய்வதாக இருக்கக் கூடாது. கேள்வி கேட்பது, 'எனக்குப் புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்று தயங்காமல் சொல்வது, மறுப்பைக் காரணத்துடன் முன்வைப்பது ஆகியவையே வாய்மொழித் தேர்வில் உதவும்.

ஆறு, சாதிவாரியாகப் பிரித்துத் தனி வகுப்பு நடத்தக் கூடாது. 'ரெமிடியல்' என்ற சொல்லே மாலை நான்கு மணிக்கு மேல் ஓர் அடையாளமாகிவிடுகிறது. அந்த அறைக்குள் நுழைய மாணவர் கூசுகிறார். முதலாண்டுப் பாடத்திட்டத்துக்குள்ளேயே, அனைவருக்கும், மதிப்பெண் தகுதியோடு இப்பயிற்சி இருந்தால் இழிவும் இராது, வருகையும் குறையாது.

தமிழா, ஆங்கிலமா?

இவ்வளவு சிக்கல் ஏன், எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துவிடலாமே என்று கேட்கலாம். 1965 ஜனவரியில் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிர்நீத்தது இதே அண்ணாமலை நகரில். அந்த மண்ணில் தமிழ்வழிக் கல்வியின் நியாயத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தருகிறது. ஆங்கிலவழிப் பாடமானாலும் உள்ளூர் மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவ்வுரிமைகளை மாணவர்கள் பயன்படுத்த வேண்டும். தமிழில் தரமான பாடநூல்களைக் கேட்டுப் பெற வேண்டும்.

ஆனால் அரசமைப்பின் 348-ஆம் கூறு உயர் நீதிமன்றங்கள், உச்ச நீதிமன்றத்தின் மொழியாக ஆங்கிலத்தையே வைத்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழைக் கொண்டுவர 2006-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம் இன்றுவரை ஈடேறவில்லை. ஆய்விதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இயங்குகின்றன. இந்த நிலையில், தமிழ்ப்பற்றின் பெயரால் ஏழை மாணவரிடம் 'உனக்குத் தமிழ் போதும்' என்று சொல்லிவிட்டுத் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவோரின் அறிவுரையை ஐயத்துடன்தான் பார்க்க வேண்டும். தமிழில் கற்கும் உரிமையும் ஆங்கிலம் கற்பிக்கப்படும் உரிமையும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல.

மறுபுறம், ஆங்கிலம் வந்தால் சாதி போய்விடும் என்பதும் மயக்கமே. உத்தரப் பிரதேசத்தின் பங்கா கிராமத்தில் 2010-இல் சந்திர பான் பிரசாத் 'ஆங்கில தேவி'க்குக் கோயில் எழுப்ப முனைந்தபோது அதன் பின்னிருந்த ஏக்கம் உண்மையானது. ஆனால் 2016 ஜனவரியில் ஹைதராபாத்தில் உயிரிழந்த ரோஹித் வெமுலா, நாடே வாசித்த தன் இறுதிக் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுதினார். மொழி அவரைக் காக்கவில்லை. ஆகவே மொழிப்பயிற்சியும் பாகுபாட்டுத் தடுப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை

பல்கலைக்கழகத்திடமும் மாநில உயர்கல்வித் துறையிடமும் மாணவர் அமைப்புகள் வைக்கக்கூடிய கோரிக்கைகள் இவை: முதல் இரு பருவங்களில் துறைசார் கல்வி ஆங்கிலத் தாள், இணைப்புக் கல்லூரிகளுக்கும் அதே ஏற்பாடு, மாணவர் தம் வரைவைக் கொண்டுவந்து திருத்தம் பெறும் நிலையான எழுத்து உதவி மையம், முனைவர் பட்டப் பதிவுக்கு முன் ஒரு பருவக் கல்விசார் எழுத்துப் பயிற்சி, ஒப்புமை அறிக்கையின் பேரில் நடவடிக்கை எடுக்குமுன் மாணவரிடம் விளக்கம் கேட்டு, மேற்கோளிடும் முறையைக் கற்பித்து, திருத்த வாய்ப்பளித்தல், சமவாய்ப்பு மையத்தின் செயல்பாட்டு அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடுதல்.

மாணவர்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. தம் கல்லூரியில் பாகுபாடு தடுப்பு அலுவலர் யார், சமவாய்ப்பு மையம் கடந்த ஆண்டு எத்தனை நாள் மொழிப்பயிற்சி நடத்தியது, அதற்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவின் கீழ் மனு அளிக்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வகுப்பில் இழிவுபடுத்தப்பட்டால் நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை அன்றே எழுதிவைக்க வேண்டும். தமிழில் எழுதினால் போதும். புகாருக்குத் தமிழ் தடையே இல்லை.

பிச்சாவரத்து இருளர் குடியிருப்பிலிருந்து ஒரு மாணவி கடல் உயிரியல் படிக்க வரும் நாளில், காட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தவற்றில் பாதியைப் பல்கலைக்கழகம் அவளிடமிருந்துதான் கற்க வேண்டியிருக்கும். பதிலுக்குப் பல்கலைக்கழகம் அவளுக்குத் தர வேண்டியது, அதை எழுதுவதற்கான மொழி. அது அவள் கேட்டுப் பெறும் சலுகையாக இருக்கக் கூடாது. முதல் பருவத்தின் பாட அட்டவணையிலேயே அதற்கு வகுப்பும் ஆசிரியரும் நேரமும் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.